நாலு டிஸ்க் வாங்குமுன்

கும்பகோணம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மன்னார்குடியிலேயே கல்லூரி அமைந்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். இங்கே மேட்டூர் தண்ணீர் வாய்க்கால்வரை வந்துவிட்டது. அண்ணன் குறுவை நடவில் இருக்கிறார், போனே எடுப்பதில்லை.

சரி, ஸ்டுடியோ விஷயம். நாஸ் பெட்டிக்கு, அதாவது பல டிஸ்க்கைப் போட்டு நெட்வொர்க் வழியாக எல்லாக் கம்ப்யூட்டரும் எடுத்துக்கொள்ளும் சேமிப்புப் பெட்டிக்கு, நாலு 8 டிபி டிஸ்க்கை ஒரே கடையில் பேசி முடித்திருக்கிறாய். இன்னும் பணம் கொடுக்கவில்லையென்றால் பொறு. ஒரே லாட்டில் வந்த நாலும் ஒரே நாற்றங்கால் பயிர் மாதிரி. ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் சீக்கிரமே வரலாம். இரண்டை அங்கே வாங்கு, இரண்டைத் திருச்சியில் வாங்கு. லேபிளில் தயாரிப்புத் தேதியையும் பார்.

அதைவிட முக்கியம், டிஸ்க் தகவலை எழுதும் முறை சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் தகவல் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். பழைய கல்யாண வீடியோக்களைப் போட்டுவைக்க அது போதும். ஆனால் பழுதான டிஸ்க்கை மாற்றி, அதிலிருந்ததை மற்ற டிஸ்க்குகளை வைத்துத் திரும்ப உருவாக்கும் ரீபில்ட் ஓடும்போது மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதுமே, அங்கே திணறிவிடும். பெட்டிமேல் நாஸ் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதே. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே வந்தது. மாடல் நம்பரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலிவு என்று டெஸ்க்டாப் டிஸ்க் பக்கம் போகாதே. படிக்க முடியாத ஒரு செக்டாரோடு, அதாவது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டோடு, அது ரொம்ப நேரம் மல்லுக்கட்டும். டிஸ்க்கே போய்விட்டதென்று, எல்லா டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு அதைக் கழற்றிவிடும். நாஸ் டிஸ்க் பெரும்பாலும் 7 விநாடியில் விட்டுவிடும், மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும்.

ரெய்டு 5இல் 24 டிபி வருமே என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். அது ஒரு டிஸ்க் போனால்தான் தாங்கும். நீ இரண்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடு, 16 டிபி போதும். ஒன்று போய் ரீபில்ட் ஓடும்போது மிச்ச மூன்றையும் மூலைமுடுக்கெல்லாம் படிக்கும். அந்த நேரம் பார்த்து இன்னொன்று தகராறு செய்தால் ரெய்டு 5இல் கதை முடிந்தது.

அப்புறம், யுபிஎஸ் இல்லாமல் ஆன் செய்யாதே. தவறுதலாக அழித்த ஃபோல்டரை எந்த ரெய்டும் திருப்பித் தராது என்பதால், தனியாக ஒரு பிரதி வெளியே இருக்கட்டும். ஐப்பசியில் உன் கடைத் தெருவில் தண்ணீர் நிற்பதை நான் சொல்லவா வேண்டும்? அப்பா வீட்டு மாடி தோதான இடம்.

மாடல் நம்பரை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்