எந்தக் கோடு கரை?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. என் முதுகு இன்னும் மட்டம் பார்க்கும் ஸ்டாஃப் கம்பைத் தாங்குகிறது. இரண்டு மாதமாகக் கடற்கரையோரத்தில்தான் அலைகிறேன். அரிப்பை அளந்து வரைபடமாகப் போட்டுக் கொடுக்கும் வேலை.

நாம் நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்த அளவை இப்போது டிரோன் அரை மணியில் எடுத்துவிடுகிறது. தரையில் அடையாளப் பலகைகளை வைத்து, அவற்றின் இடத்தை, உடனுக்குடன் பிழை திருத்தும் ஆர்டிகே ஜிபிஎஸ்ஸில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் குறித்துக்கொண்டால் போதும், கரையின் மேடுபள்ளம் முழுக்கக் கணினியில் வந்துவிடும். அளப்பது சுலபமாகிவிட்டது. எதைக் கரை என்று அளப்பது என்பதில்தான் தினமும் சண்டை. நீரின் விளிம்பு அலைக்கு அலை மாறும். ஈர மணல் முடியும் இடம் ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. செடிகள் தொடங்கும் கோடு நிலையானது, ஆனால் ஒரு புயல் தின்றதை அது மெதுவாகத்தான் திரும்பப் பிடிக்கும். மண் மேடு செங்குத்தாக உடைந்து நிற்கும் இடத்தில் மட்டும் அந்த விளிம்பையே கோடாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே யாரும் வாதாட வருவதில்லை.

இதில் நானே சறுக்கினேன், கேள். இரண்டு செயற்கைக்கோள் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, 20 மீட்டர் கரை போய்விட்டது என்று அறிக்கை எழுதிவிட்டேன். கூட வேலை செய்யும் பெண், படிப்பு முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, "சார், படம் எடுத்தப்போ தண்ணி எந்த மட்டத்துல இருந்தது?" என்றாள். முதல் படம் நீர் வற்றியபோது எடுத்தது, அடுத்தது ஏறியிருந்தபோது. 50 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில், நீர் 40 சென்டிமீட்டர் உயர்ந்தாலே கோடு 20 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு பிடி மண்கூட நகரவில்லை, நான்தான் கரைத்திருக்கிறேன்!

அதிலிருந்து பிழைக் கணக்கு போடாமல் எந்த எண்ணையும் வெளியே விடுவதில்லை. ஒவ்வொரு கோட்டிலும் 10 மீட்டர் பிழை இருக்கலாம் என்று வை. இரண்டையும் அப்படியே கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 14 மீட்டர். நான்கு வருஷ இடைவெளி என்றால் வருஷத்துக்கு மூன்றரை மீட்டர் பிழை. அங்கே "வருஷத்துக்கு 2 மீட்டர் அரிப்பு" என்பது வெறும் பேச்சு. அதே கோடுகளுக்கு நடுவே 30 வருஷம் இருந்தால் பிழை அரை மீட்டருக்குள் வந்துவிடும். லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972 முதல் இருப்பது இதனால்தான் பெரிய வரம். ஆரம்பப் படங்களில் ஒரு புள்ளியே 80 மீட்டர் அளவு, அது வேறு தலைவலி.

இன்னொன்று, படத்தில் தெரிவது மேல்தோல் மட்டுமே. புயல் வாரிக்கொண்டு போன மணல் பல சமயம் நீருக்கடியில் திட்டாகக் கிடந்து, அமைதியான மாதங்களில் மெல்லத் திரும்பி வரும். அதைப் பிடிக்க, கரையிலிருந்து கடலை நோக்கி ஒரே கோட்டில் உயரம் எடுக்கும் குறுக்குவெட்டு அளவுதான் வேண்டும். போன வாரம் பேட்டரி தீர்ந்த நேரத்தில், எமரி என்ற கடல் ஆய்வாளர் 1961-இல் சொன்ன முறையை அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். இரண்டு கம்பு, நடுவில் அளந்த கயிறு. நீர்ப்பக்கக் கம்பின் உச்சியைத் தொடுவானத்தோடு சேர்த்துப் பார்த்தால், அந்தப் பார்வை நம் பக்கக் கம்பில் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே விழுகிறதோ, அவ்வளவுதான் இறக்கம். "இவ்வளவுதானா சார்?" என்று சிரித்தாள்.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. 30 வருஷத்துக்கு முன் நாம் இருவரும் இதே கரையில் குறுக்குவெட்டு எடுத்தோமே, அளவுகளை எழுதிவைத்த அந்த லெவல் புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உயரங்களுக்கு ஆதாரமாக வைத்த பெஞ்ச் மார்க் கற்களில் ஒன்றைப் புதருக்குள் கண்டுபிடித்துவிட்டேன், அசையாமல் நிற்கிறது. புத்தகம் கிடைத்தால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. மை கலைந்திருந்தாலும் பரவாயில்லை; தேதியும் நேரமும் தெரிந்தால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரகு