செயலாளரின் ஆண்டறிக்கை: 2024-25

தலைவர் அவர்களுக்கும், இளைஞர் நற்பணி மன்றப் பொறுப்பாளர்களுக்கும், மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும், கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களை ஏற்று நடத்தும் ஊர் அமைப்புகளுக்குக் கைகொடுப்பதுதான் நம் சங்கத்தின் வேலை. திட்ட அலுவலர்களுக்குப் பயிற்சி தர அரசு பயிற்சி நிலையங்களை வைத்திருக்கிறது. ஆனால் சேவை செய்ய ஐம்பது கல்லூரிப் பிள்ளைகள் ஏழு நாள் வந்து தங்கப்போகும் ஊருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. பரமக்குடி வட்டாரத்தில் அந்தக் குறையை இந்த ஆண்டும் முடிந்தவரை பார்த்துக்கொண்டோம்.

ஊர்க்காரர்களுக்கான வகுப்புகளை எப்போதும்போல அரிச்சுவடியிலிருந்தே தொடங்கவேண்டியிருந்தது. "எந்தக் கட்சிப் பிள்ளைகள்?" என்றுதான் பெரியவர்கள் முதலில் கேட்கிறார்கள். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய அரசுத் திட்டம், கட்சிக்குச் சம்பந்தமில்லை என்று விளக்கிய பிறகுதான் சமுதாயக் கூடத்துச் சாவி கைக்கு வருகிறது. அப்புறம் தண்ணீர், சமையல், மாணவிகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. கடைசியாகச் சொன்னதை முதலிலேயே பார்க்காத ஊருக்கு முகாம் கொடுக்கவேண்டாம் என்று அலுவலர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டோம்.

இந்த ஆண்டு அதிக நேரத்தை விழுங்கியது சீமைக் கருவேலம். முகாம் என்றாலே கண்மாய்க்கரையில் கருவேலம் வெட்டுவது என்று ஆகிவிட்டது. தரைக்கு மேலே வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால், அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்து நிற்கும். நன்றாகத் துளிர்க்கட்டும் என்று கிளை கழித்து, கவாத்து செய்துவிட்டு வந்ததாகத்தான் கணக்கு. சிறு கன்றுகளை மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கவேண்டும். அதற்கு மேல் வளர்ந்ததைத் தூரோடு தோண்டவேண்டும். பெரிய மரத்துக்கு ஜேசிபி வேண்டும். அது மாணவர் வேலை இல்லை. கண்மாய் ஊராட்சியின் பொறுப்பா, நீர்வளத் துறையின் பொறுப்பா என்று பார்த்து முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குவதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தோம்.

ஒரு முகாமில் ரப்பர் செருப்போடு வந்த மாணவியின் பாதத்தில் முள் செருப்பைத் துளைத்து ஏறிவிட்டது. பக்கத்திலிருந்த பாட்டி தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தி எடுக்கப் போனார். மன்றத்துத் தம்பி ஒருவர், "இருங்க ஆச்சி" என்று தடுத்து, மோட்டார் சைக்கிளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் முள்ளை எடுத்து, ரணஜன்னி வராமலிருக்க டிடி ஊசியும் போடவைத்தார். நம் முதலுதவி வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் அவர்! இனி ஷூவும் கையுறையும் இல்லாமல் யாரையும் கரையில் இறக்குவதில்லை.

ரத்ததான முகாம்களில் ஒரே பிரச்சினை வயது. 18 நிறைந்திருக்கவேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 தான். ஆர்வத்தில் வரிசையில் நின்று ஏமாந்து போகிறார்கள். பெயர் எழுதும்போதே கேட்டுவிடுவது நல்லது.

கணக்கு வகுப்புக்குத்தான் கூட்டம் குறைவு, தேவை அதிகம். முகாம் முடிந்து வெகுநாள் கழித்தே பணம் வருகிறது. அதுவரை மளிகைக் கடைக்காரர் தயவுதான். விறகுக்கும் வாழை இலைக்கும் ரசீது தர யாருமில்லை. சில்லறைச் செலவுக்கு அன்றன்றே வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கவும், 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கைமாறினால் ரசீதில் வருவாய் வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்டவும் பழக்கியிருக்கிறோம். மகளிர் குழுவினர் இதில் மன்றத்து இளைஞர்களைவிடப் பல மடங்கு தேவலை. அவர்களையே அடுத்த ஆண்டு பயிற்றுநர்களாக்கலாம் என்பது என் யோசனை.

சில ஊர்களில் தொடக்க விழாவுக்கு ஒரு நாள், நிறைவு விழாவுக்கு ஒரு நாள் போய்விடுகிறது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்யவேண்டிய திட்டம் இது. அவர்களைப் பந்தலில் உட்காரவைத்துப் பொன்னாடைகளை எண்ணவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொன்னாடைக் காசில் கையுறை வாங்கலாம்.

பொதுக்குழுவின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். முகாம் நடந்த ஊர் மன்றம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கரையில் இறங்கி முளைத்த கன்றுகளைப் பிடுங்கவேண்டும். செய்யாத ஊருக்கு அடுத்த முகாமுக்குச் சங்கத்தின் கடப்பாரையும் மண்வெட்டியும் கிடையாது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையையும் தீர்மானத்தையும் ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்