கோச்சடையில் ஒரு சாயங்காலம்

அன்புள்ள சோமுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேலூர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாக எழுதியிருந்தாய். பதில் போடத் தாமதமானதும் நல்லதாகப் போயிற்று.

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பு, கோச்சடையில். பள்ளிக்கூட நாளில் சைக்கிளை நிறுத்திக் கேட்டுக்குள் எட்டிப் பார்ப்போமே, ஆலை அதிகாரிகளின் மதுரை கிளப், அது இப்போது ஓட்டல். எழுபதுகளின் தொடக்கத்தில் அதை வடிவமைத்தவர் கொழும்புக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா என்று மகள் சொல்லித்தான் தெரியும். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாரல் காலடி வரை வந்து நின்றுவிட்டது. ஒருவரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

மனிதர் 1919-இல் பிறந்தவர். முதலில் வக்கீல். கட்டடக்கலை படித்து முடித்தபோது வயது 38. நம் வீட்டில் என்றால் விட்டிருப்பார்களா? ஆரம்பத்தில் அவரும் ஐரோப்பியப் பாணியில் வெள்ளை வெளேரென்றுதான் கட்டினார். இலங்கை மழையில் அது பாசி பிடித்தது. அப்புறம்தான் சாய்ந்த ஓட்டுக்கூரை, முற்றம், தாழ்வாரம் என்று திரும்பினார். 1982-இல் திறந்த, கோட்டேயிலுள்ள இலங்கை நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுவீடு போலத்தான் கூரை. அவரோடு பல வருஷம் கூட்டாளியாக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம் தமிழர்.

எனக்கு மறக்காதது, கொழும்பில் ஈனா டி சில்வா என்ற பத்திக் துணிக் கலைஞருக்குப் பாவா கட்டிய வீடு. 1960-62-இல் கட்டியது. வெளிநாட்டுச் சரக்குக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். உள்ளூர்ச் சாமானை வைத்தே, நடுவில் பெரிய முற்றம் விட்டுக் கட்டினார். பிற்பாடு அந்த இடம் கைமாறியபோது, 2009-இல் வீட்டைக் கல் கல்லாகப் பிரித்துக்கொண்டுபோய், பாவாவின் லுனுகங்கா தோட்டத்தில் திரும்ப எழுப்பிவிட்டார்கள். கொழும்பில் பாவா குடியிருந்த வீட்டில் நிற்கும் தூண்கள் எந்த ஊருடையவை தெரியுமா? நம் செட்டிநாட்டுடையவை!

1996-இல் நான் கட்டும்போது இன்ஜினியர், "முற்றமா? இடம் வேஸ்ட் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். இப்போது பங்குனி பிறக்கும் முன்பே ஏ.சி. ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன் மாப்ளே. அதுவரை மேஸ்திரியைக் கடப்பாரை எடுக்க விடாதே. காரைக்குடி வியாபாரியிடம் தூண்களுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. உன் அம்மா கூழ்வத்தல் காயப்போட்டு, காக்காய் விரட்ட நம் இருவரையும் உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்தே பேசுவோம்.

அன்புடன்,
ராசு