கேட்காமல் உங்களுக்கு வந்த எங்கள் மின்னஞ்சல்கள் பற்றி

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எங்கள் ஜவுளிக் கடையின் பெயரில் உங்களில் பலருக்குத் தள்ளுபடி மின்னஞ்சல்கள் வந்தன. சிலருக்கு ஏழெட்டு வந்திருக்கும். அவற்றை நீங்கள் யாரும் கேட்கவில்லை. அனுப்பியது நாங்கள்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கவும், இனி யாருக்கு எதை அனுப்புவோம் என்று சொல்லவும் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர்த் தேக்காவில் தீபாவளி விளக்குகள் எரியத் தொடங்கியதும் நம் கடையில் அதிர்ஷ்டக் குலுக்கல் வைப்பது உங்களுக்குத் தெரியும். பில்லோடு ஓர் ஆரஞ்சுச் சீட்டு தருவோம். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் என்று மூன்று கோடுகள், அவ்வளவுதான் அந்தச் சீட்டு. பரிசு விழுந்தால் கூப்பிட்டுச் சொல்வதற்காக நீங்கள் அதை நிரப்பிக் கொடுத்தீர்கள். நாங்கள் பெட்டியில் கிடந்த சீட்டுகளையெல்லாம் எடுத்து, முகவரிகளைக் கணினியில் ஏற்றி, விளம்பரம் அனுப்பிவிட்டோம். அதோடு நிற்கவில்லை. ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து விற்ற பட்டியல் ஒன்றையும் வாங்கிச் சேர்த்தோம்.

ஒரு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். என் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக் காலத்திலிருந்து வாடிக்கையாளர். கைப்பேசியைக் கல்லா மேல் வைத்தார். எங்கள் மடல்தான். மேலே அவருடைய கணவரின் பெயர் போட்டு, "இந்தத் தீபாவளிக்கு உங்கள் துணைவியாருக்கு ஒரு பட்டு" என்று இருந்தது. "அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. காப்புறுதிக் கடிதம் ஏதாவது வருமேன்னு அவர் மெயிலை மூடாம வச்சிருக்கேன். இந்த முகவரிய உங்களுக்கு யாரு கொடுத்தா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. அவரும் கொடுக்கவில்லை, அவர் கணவரும் கொடுக்கவில்லை.

அதுவரை குப்பை மின்னஞ்சல் என்றால், உங்களுக்குக் கோடி ரூபாய் விழுந்திருக்கிறது என்று ஆசைகாட்டும் மோசடிதான் என்று நினைத்திருந்தேன். நாங்கள் விற்பது நிஜமான புடவை, சொன்ன தள்ளுபடியும் நிஜம், அது எப்படிக் குப்பை ஆகும் என்பதே என் எண்ணம். அதன் பிறகு உட்கார்ந்து படித்தேன். சரக்கு நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

சிங்கப்பூரில் ஸ்பேம், அதாவது குப்பை மின்னஞ்சல், கட்டுப்பாட்டுச் சட்டம் 2007-இல் வந்தது. விற்பனை நோக்கத்தோடு, பெறுகிறவர் கேட்காமலும் சம்மதிக்காமலும், மொத்தமாக அனுப்பப்படுவதைத்தான் அது பிடிக்கிறது. மொத்தம் என்பதற்குக் கணக்கும் உண்டு. ஒரே மாதிரியான மடல் 24 மணி நேரத்தில் 100-ஐத் தாண்டினாலும், 30 நாளில் 1,000-ஐத் தாண்டினாலும், ஓர் ஆண்டில் 10,000-ஐத் தாண்டினாலும் மொத்தம்தான். நாங்கள் ஒரே காலையில் ஆயிரத்துக்கு மேல் அனுப்பினோம்.

அந்தச் சட்டத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஒருவர் தம் முகவரியைக் கொடுத்தார், அல்லது எங்கோ வெளியிட்டார் என்பதற்காக மட்டும் அவர் விளம்பரத்துக்குச் சம்மதித்தார் என்று கொள்ளக்கூடாது என்று அது சொல்கிறது. எங்கள் ஆரஞ்சுச் சீட்டுக்கென்றே எழுதியதைப் போல இருந்தது. விலைக்கு வாங்கிய பட்டியல் அதைவிட மோசம். இணையத்தை மென்பொருளால் துழாவித் திரட்டும் முகவரிகளுக்கு அனுப்புவதையே சட்டம் தடுக்கிறது. எங்களுக்கு விற்கப்பட்டது எப்படித் திரட்டப்பட்டது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்காதவருக்கு விளம்பரம் அனுப்புவதை இந்தச் சட்டம் அடியோடு தடுக்கவில்லை. தலைப்பின் தொடக்கத்தில் இது விளம்பரம் என்று காட்டும் ஏ-டி-வி என்ற மூன்று எழுத்துகள் இருக்க வேண்டும், தலைப்பு ஏமாற்றக்கூடாது, விலகிக்கொள்ள வழி வேண்டும், வேண்டாம் என்று சொன்ன பின் 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் செய்தால் அனுப்பலாம். எங்கள் மடலில் இவற்றில் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் குலுக்கல் முகவரிகளைத் தொட்டிருக்கக்கூடாது. ஒரு காரியத்துக்கென்று வாங்கிய விவரத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தத் தனியாகச் சம்மதம் வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பெர்த்திலும் மெல்பர்னிலும் இருந்து பார்சலில் வாங்குகிறவர்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. ஆஸ்திரேலியச் சட்டப்படி முதலில் சம்மதம், பிறகுதான் மடல். விலகக் கேட்டால் 5 வேலை நாளில் நிறுத்த வேண்டும்.

இதனால் அடி வாங்கியவர்களில் எங்களுக்கு வேண்டியவர்களும் உண்டு. ரவிக்கை தைத்தாயிற்று, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் அனுப்புவது விளம்பரம் அல்ல. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் தகவல். ஆனால் தீபாவளி மடல்களைப் பலர் ஸ்பேம் என்று குறித்துவிட்டதால், அஞ்சல் சேவைகள் எங்கள் முகவரியிலிருந்து போகும் எதையும் நம்பவில்லை. கூகுள், புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்கிறது. அதாவது ஆயிரத்தில் மூன்று பேர் போதும். திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மணப்பெண்ணின் அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார். ரவிக்கை நான்கு நாளாகத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தகவல் அவருடைய குப்பைப் பெட்டியில் கிடந்தது.

இப்போது செய்திருப்பது இது. வாங்கிய பட்டியலை முழுவதும் அழித்துவிட்டோம். குலுக்கல் முகவரிகளையும் அழித்தாயிற்று. இனிச் சீட்டில் நான்காவதாக ஒரு கோடு இருக்கும்: "புதுச் சரக்கு வந்தால் மின்னஞ்சலில் சொல்லுங்கள்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம். நீங்களே டிக் போட்டால்தான் அனுப்புவோம். நாங்கள் முன்கூட்டி டிக் போட்டு வைக்கமாட்டோம், கட்டத்தை விட்டுவிட்டாலும் குலுக்கலில் உங்கள் சீட்டு இருக்கும். மாதத்துக்கு ஒரு மடலுக்கு மேல் போகாது. "வேண்டாம்" என்று ஒரே சொல் பதில் போட்டால் போதும், மறுநாளே நிறுத்திவிடுவோம். தையல் தகவல் மடலின் அடியில் தள்ளுபடியைச் சேர்த்து அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம்.

இந்த மடலை மின்னஞ்சலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அச்சடித்துத் துணிப் பையில் வைத்துத் தருகிறோம், வாசலிலும் ஒட்டியிருக்கிறோம். உங்கள் முகவரி எங்களிடம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கல்லாவில் கேளுங்கள். அங்கேயே தேடிக் காட்டுகிறோம். வேண்டாம் என்றால் உங்கள் கண்ணெதிரிலேயே அழிக்கிறோம். கடை தினமும் காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்