இரண்டு வருடக் கணக்கு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
11 ஒக்டோபர் 2015, ஞாயிறு

அன்புத் தங்கச்சிக்கு,

வைபர் இருக்க ஏன் அக்கா தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடுப்பு மடிப்பாய். அம்மா, பெரியம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். இது நீ தனியாக இருந்து வாசிக்க வேண்டியது. செவ்வாய்க்கிழமை ஊருக்கு வெளிக்கிடும் ஒரு மாமியிடம் கொடுத்துவிடுகிறேன்.

உனக்குப் பேசியிருக்கும் பெடியனைப் பற்றி இங்கே கனடாவில் விசாரித்தேன். குடி இல்லை, கடன் பெரிதாக இல்லை, தாய் தகப்பனைப் பார்க்கிறான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அவன் நல்லவனோ கெட்டவனோ, அவன் கையில் இந்த நாட்டு அரசாங்கம் ஒரு பிடியைக் கொடுத்து வைத்திருக்கிறது. தரகர் அதைச் சொல்லமாட்டார். அவருக்கே தெரியுமோ என்னவோ.

நான் 2008இல் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் ஒரு அதிகாரி தாளில் முத்திரை குத்தித் தந்தார். அந்த நிமிடத்திலிருந்து நான் நிரந்தர வதிவாளர். அத்தான் என்னை விட்டாலும், நான் அவரை விட்டாலும், அந்தத் தாள் என்னுடையது. இப்போது அப்படியில்லை. 2012 ஒக்டோபர் 25இலிருந்து சட்டம் மாறிவிட்டது. விண்ணப்பிக்கும்போது கலியாணமாகி இரண்டு வருடம் தாண்டியிருக்கவில்லை, பிள்ளையும் இல்லை என்றால், வருகிற பெண்ணுக்குக் கிடைப்பது நிபந்தனையுள்ள வதிவுரிமை. வந்த நாளிலிருந்து இரண்டு வருடம் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவரோடு ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ வேண்டும். இடையில் பிரிந்தால் வதிவுரிமையைப் பறிக்கலாம், திருப்பி அனுப்பலாம். பெண் கூப்பிட்டு வருகிற ஆணுக்கும் இதே சட்டம்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்குள் பெட்டியோடு வந்து இறங்குவது யார் என்று உனக்குத் தெரியும்.

பொய்க் கலியாணங்களைத் தடுக்கத்தான் இது என்கிறார்கள். சரி, பொய்க் கலியாணம் இருக்கிறதுதான், எங்கள் ஆட்களும் செய்கிறார்கள். அதற்கு விசாரணை அதிகாரிகளைப் போடலாமே. வருகிற ஒவ்வொரு பெண்ணின் தாலியிலும் ஏன் கடவுச்சீட்டைக் கட்டிவிட வேண்டும்?

எங்களுக்குப் பக்கத்து வீட்டு பேஸ்மென்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். உன்னைவிட ஒரு வயது இளையவள். போன வருடம் மாசியில் வந்தாள். குளிர்காலம் முழுக்க அவளை வெளியில் காணவேயில்லை. பிறகு ஒரு நாள் குப்பைப் பெட்டி வைக்க வந்த இடத்தில் கதைத்தோம். அவளுடைய போனை அவன்தான் வைத்திருக்கிறான். சம்பளம் அவன் கணக்குக்குப் போகிறது. அடி உண்டா என்று கேட்டேன். "எப்போதாவது" என்றாள், மழையைப் பற்றிச் சொல்வதுபோல. "ஒரு போன் அடித்தால் போதும், நீ பிளேனில்" என்று அவன் சொல்வானாம்.

வன்முறைக்கு விதிவிலக்கு இருக்கிறது. அடி, சித்திரவதை, கவனியாமல் விடுதல் என்று நிரூபித்தால் நிபந்தனையை நீக்குவார்கள். ஆனால் எதைக் கொண்டு நிரூபிப்பது? இலவசச் சட்ட உதவி கொடுக்கும் இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பொலிஸ் அறிக்கை, வைத்தியரின் கடிதம், படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். வைத்தியரிடம் போனால் அவனும் கூடவே உள்ளே வந்து, அவளுக்காக ஆங்கிலத்தில் கதைக்கிறான். பிறகு எந்த வைத்தியர் என்ன கடிதம் எழுதுவார்? பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் நாலு மாதந்தானே அக்கா, சமாளித்துவிடுவேன்" என்றாள். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. ஒரு நாட்டின் சட்டம், அடி வாங்குகிறவளைப் பார்த்து இன்னும் நாலு மாதம் பொறு என்று சொல்கிறது.

இந்த நிபந்தனையைக் கொண்டுவந்த அதே அரசாங்கம்தான், பிரதமர் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் அரசாங்கம்தான், இப்போது எங்களைக் காப்பாற்றப் போகிறதாம். இங்கே 19ஆம் திகதி தேர்தல். ஒன்பது நாளைக்கு முன்னர் இரண்டு அமைச்சர்கள் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார்கள்: குடிவரவு அமைச்சர் கிறிஸ் அலெக்சாண்டர், பெண்கள் நிலைக்குப் பொறுப்பான அமைச்சர் கெல்லி லீச். திரும்பவும் ஆட்சிக்கு வந்தால் "காட்டுமிராண்டித்தனமான கலாசாரப் பழக்கங்களை" அறிவிக்க ஒரு தொலைபேசி இலக்கம் அமைப்பார்களாம். அயல்வீட்டுக்காரரைப் பற்றி அழைத்துச் சொல்லலாம். இதே பெயரில் ஆனி மாதம் ஒரு சட்டமும் வந்தது. கட்டாயக் கலியாணத்தை ஒழிக்கிறது, கலியாண வயதை 16க்குக் கீழே விடாமல் தடுக்கிறது. அதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்தப் பெயரைப் பார். கனடாக்காரன் மனைவியை அடித்தால் குற்றம், எங்கள் ஆள் அடித்தால் கலாசாரம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்த இலக்கத்துக்கு அடித்தாள் என்றே வை. அவனைக் காட்டுமிராண்டி என்று எழுதிக்கொள்வார்கள். அவளுடைய வதிவுரிமைத் தாளை யார் காப்பாற்றிக் கொடுப்பது?

இன்னொரு கூத்து. மிசிசாகாவில் இருக்கும் சுனேரா இஷாக் என்ற பாகிஸ்தான் பெண் முகத்திரையோடு பிரஜாவுரிமைச் சத்தியம் எடுக்கக் கேட்டார். 2011இல் இந்த அரசாங்கம் போட்ட தடை அதற்குக் குறுக்கே நின்றது. அவர் வழக்குப் போட்டு வென்றார், முந்தநாள்தான் சத்தியம் எடுத்தார். எனக்கு முகத்திரையில் விருப்பமில்லை, அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் ஒரு பெண் என்ன போட வேண்டும் என்று மதகுரு சொல்வதும் பிரதமர் சொல்வதும் எனக்கு ஒன்றுதான்.

சரி, என் சீவியத்தைக் கேட்பாய். நான் பாண் பேக்டரியில் இரவு வேலை, அத்தான் பகல் வேலை. கதவடியில் சந்திக்கிறோம், அவர் உள்ளே, நான் வெளியே. இப்படி ஓடுவதற்கு ஒரே காரணம் சின்னவன். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் மாதம் ஆயிரம் டொலருக்கு மேல் கேட்டார்கள். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அரசாங்கம் தருவது மாதம் 160 டொலர். ஆடி மாதம் முந்திய மாதங்களின் மிச்சத்தையும் சேர்த்து ஒரே தடவையில் 520 டொலர் போட்டார்கள். அமைச்சர் பியர் பொலியேவ் கட்சிச் சின்னம் போட்ட சட்டையோடு நின்று அதை அறிவித்தார், தன் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருவதுபோல. அதற்கும் வரி உண்டு. சித்திரையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

எங்கள் சங்கத்தில் ஒரு ஜமெய்க்கா அக்கா இருக்கிறா. முப்பது வருடமாக இங்கே. பழைய கதையெல்லாம் அவவிடம்தான் கேட்டேன். முந்திய லிபரல் அரசாங்கம் எல்லா மாகாணங்களோடும் பேசி, ஐந்து வருடத்துக்கு 500 கோடி டொலர் பராமரிப்பு நிலையங்களுக்கு என்று ஒதுக்கியிருந்ததாம். 2006இல் ஹார்ப்பர் வந்த கையோடு அதை நிறுத்தி, மாதம் 100 டொலர் காசோலையாக மாற்றிவிட்டார். 'தெரிவு செய்யும் உரிமை' என்று அதற்குப் பெயர். நிலையமே இல்லாத இடத்தில் எதைத் தெரிவு செய்வது? கியூபெக் மாகாணத்தில் 1997இல் நாளுக்கு 5 டொலரோடு தொடங்கினார்கள், தாய்மார் வேலைக்குப் போனார்கள். செய்ய முடியாத காரியமில்லை.

ஹார்ப்பர் வந்த அந்த 2006இலேயே பெண்கள் நிலைக்கான திணைக்களத்தின் 16 பிராந்திய அலுவலகங்களில் 12ஐ மூடப்போவதாக அறிவித்தார்கள். பெண்கள் அமைப்புகளுக்கு நிதி கொடுக்கும் திட்டத்தின் நோக்கத்திலிருந்து 'சமத்துவம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். "அடிபட்டு வந்தவளுக்கு ஆறுதல் சொல்லக் காசு தருவார்கள். சட்டத்தை மாற்று என்று கேட்கக் காசு தரமாட்டார்கள்" என்பது அந்த அக்காவின் கணக்கு.

போன வருடம் புதிதாக ஒரு வரிச் சலுகையும் வந்தது. கணவன் நிறையச் சம்பாதித்து மனைவி வீட்டில் இருந்தால், கணவனின் வருமானத்தில் 50,000 டொலர் வரை அவள் பெயரில் காட்டி, 2,000 டொலர் வரை வரி குறைக்கலாம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு ஒரு சதமும் இல்லை. இவர்கள் மனதில் 'குடும்பம்' என்றால் என்ன படம் இருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது.

அம்மா வந்து நின்றால் சின்னவனைப் பார்த்துக்கொள்வா, எனக்கும் இரவில் நித்திரை கிடைக்கும். அதற்கும் வழியில்லை. 2011 கார்த்திகையில் பெற்றோர் விண்ணப்பங்களை இரண்டு வருடம் நிறுத்திவைத்தார்கள். 2014இல் திறந்தபோது நாடு முழுவதற்கும் 5,000 விண்ணப்பம்தான். வருமானம் முந்தியதைவிட 30 சதவீதம் கூடக் காட்ட வேண்டும், அதுவும் மூன்று வருடத்துக்கு. 20 வருடம் அம்மாவின் செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வேறு. பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குகிற 'சூப்பர் விசா' எடுக்கலாம், ஆனால் ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். அவர்களுடைய பேரேட்டில் அம்மா ஒரு செலவு. அவ வந்து சமைத்து, பிள்ளை தூக்கி, நான் பகல் வேலைக்குப் போக முடிந்தால் அது எந்தப் பக்கத்தில் வரவு வைக்கப்படும்?

உன் அத்தானோடு இதில்தான் சண்டை. அவர் ஹார்ப்பரின் ஆள். 2013இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்ன தலைவர், எங்களுக்காகக் கதைத்தவர் என்பார். உண்மைதான், அதை நான் மறக்கவில்லை; அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் 2010இல் சன் சீ கப்பலில் அகதிகளாக எங்கள் சனம் 492 பேர், குழந்தைகளும் கூட, வந்தபோது தடுப்பில் வைத்ததும் இதே மனிதரின் அரசாங்கம்தான். தூரத்தில் இருக்கிற தமிழனுக்கு நீதி, கரைக்கு வந்த தமிழனுக்குக் கம்பி. அத்தான் பதில் சொல்லாமல் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஜமெய்க்கா அக்கா என்னை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வீகக் குடிப் பெண்களுக்காக மெழுகுதிரி ஏற்றும் நாள். பொலிஸின் 2014 அறிக்கைப்படியே 1,181 பேர். தாய்மார் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு முன்னால் எங்கள் தாய்மார் படம் பிடித்துக்கொண்டு நிற்பது அப்படியே கண்ணுக்கு முன் வந்தது. அதே நெஞ்சுயரம், அதே பிளாஸ்ரிக் உறை. ஒரு பொது விசாரணை வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். போன மார்கழியில் ரீவி நேர்காணலில் இதைக் கேட்டபோது, உண்மையைச் சொன்னால் தங்கள் கவனத்தில் அது அவ்வளவு மேலே இல்லை என்ற மாதிரிப் பிரதமர் சொன்னார். பெரிய தலைவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்களோ தெரியாது.

நேற்று முற்கூட்டிய வாக்களிப்பில் போய்ப் போட்டுவிட்டேன். மத்திய தேர்தலில் எனக்கு இதுதான் முதல் வாக்கு. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் வரிசை. நம்பமாட்டாய், பென்சில் தருகிறார்கள்! ஆவணியில் நீ போட்டுவிட்டு விரலைப் படம் எடுத்து அனுப்பினாயே, இங்கே மையும் இல்லை. புதிய ஜனநாயகக் கட்சிக்குப் போட்டேன். நாளுக்கு 15 டொலருக்குப் பராமரிப்பு என்று சொல்கிறார்கள், பொது விசாரணை என்று சொல்கிறார்கள். லிபரல்காரர்கள் உன் விஷயத்தையே எழுதியிருக்கிறார்கள்: வருகிற கணவன் மனைவிக்கு வந்தவுடனேயே முழு வதிவுரிமை. வென்றாலும் எப்போது செய்வார்களோ, சொல்ல முடியாது. சட்டம் மாறும் வரைக்கும் பழையதுதான் சட்டம்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். கலியாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனோடு நீயே நேரே கதைத்து, இந்த நிபந்தனை தெரியுமா என்று கேள். அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதைவிட, கேட்டதற்குக் கோபப்படுகிறானா என்று பார். கடவுச்சீட்டும் வதிவுரிமை அட்டையும் எந்த நாளும் உன் பையில். உன் பெயரில் தனி வங்கிக் கணக்கு. வைத்தியரிடம் தனியாகப் போ. அந்த ஆங்கில வகுப்பை இடையில் விடாதே. ஆறு மாத ஆங்கிலம் இங்கே ஒரு அண்ணனுக்குச் சமம். என் தொலைபேசி இலக்கத்தைப் போனில் மட்டும் வைக்காமல் பாடமாக்கு.

மாமியிடம் கொடுத்த பையில் அம்மாவின் முழங்காலுக்குப் பூசுகிற மருந்து, உனக்கு ஒரு குளிர்ச் சட்டை, பெரியம்மாவுக்குச் சொக்லேட். அக்கா இவ்வளவு நீளமாக என்ன எழுதியிருக்கிறாள் என்று அம்மா கேட்டால், குளிரைப் பற்றி என்று சொல்.

உன் அக்கா