வாசலைத் தாண்ட முடியாதவர்களுக்கும் பயிற்சி வேண்டும்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரை செல்லூரில், டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் நான்.

விளக்கு வைக்கும் நேரமானால் அத்தை மாற்றுச் சேலையை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்குப் போகணும், பஸ்சு போயிரும்" என்று வாசலுக்கு வந்துவிடுவார். "இதுதான் உங்க வீடு" என்று சொல்லச் சொல்லக் கோபம்தான் ஏறும். "போவோம் அத்தை, ஊர்ல யாரு யாரு இருக்கா?" என்று பேச்சுக் கொடுத்துக் காப்பியை நீட்டினால் பை கீழே இறங்கும். தோட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, நான் திருடிவிட்டதாகச் சொந்தக்காரர்கள் முன்னால் அழுவார். அது அவர் பேசுவதல்ல, நோய் பேசுவது என்று தெரியாத மருமகள் அன்றைக்கே உடைந்துபோவாள்.

மாத்திரைச் சீட்டில் இதெல்லாம் எழுதியிருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' என்ற இணையவழிப் பயிற்சியில் இருக்கிறது. 5 பகுதி, 23 பாடம். பார்த்துக்கொள்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வதற்கே தனிப்பகுதி. என் மகள் இங்கிலீஷில் படித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படித்துச் சொல்ல ஆளில்லாத வீடுகள் எத்தனை!

அந்தப் பாடங்களை எங்கள் பேச்சுத் தமிழில், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கிற மாதிரி, ஐந்தைந்து நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் தாருங்கள். செயலி வேண்டாம், பாஸ்வேர்டு கேட்டாலே பாதிப்பேர் விட்டுவிடுவார்கள்.

கொண்டுசேர்க்க ஆளும் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. வருகிறவர், "பெரியவங்களுக்கு ஞாபகம் எப்படி இருக்கு? பார்த்துக்கிறது யாரு?" என்று கேட்டு, அந்த ஆளின் போனில் முதல் பாடத்தைப் போட்டுவிட்டுப் போகட்டும். கூட்டம், முகாம் என்று எங்களை அழைக்காதீர்கள். அத்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண் இராப்பகலாக, கட்டணமில்லாமல் இயங்குகிறது. மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் நடுராத்திரியில் அழைத்தால் என்ன சொல்வதென்று அங்கே இருப்பவர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள்.

பதிவுகளை வெளியிடும் முன் எங்களைப் போன்றவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். புரியாத இடத்தை நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஒரு மருமகள்