ஸ்காபரோவில் அம்மாவுக்கு உதவிய சகோதரிக்கு நன்றி

கடந்த திங்கட்கிழமை காலை, மார்க்கம் வீதியும் எக்ளின்டன் அவெனியூவும் சந்திக்கும் இடத்திலுள்ள பேருந்து நிறுத்தத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்த எங்கள் அம்மாவைத் தாங்கி அமர்த்தி, தமது வேலைக்கு நேரமாவதையும் பொருட்படுத்தாமல் அம்புலன்ஸ் வரும்வரை உடனிருந்து, பெயர்கூடச் சொல்லாமல் சென்றுவிட்ட சகோதரிக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீட்டை இழந்து, பின்னர் கனடாவுக்கு ஏதிலியாக வந்த அம்மா, பகலில் தொழிற்சாலையில் பொதி கட்டியும் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தும் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். பேரப்பிள்ளைகளுக்குப் புட்டு அவித்து வைக்காமல் இன்றும் வெளியே கிளம்பமாட்டார். யாரிடமும் உதவி கேட்டுப் பழகாதவர், "அந்தப் பிள்ளை என்ரை கையை விடவேயில்லை" என்று வருவோரிடமெல்லாம் சொல்கிறார்.

மணிக்கட்டு முறிவுக்குக் கட்டுப் போட்டு, இப்போது நலமாக இருக்கிறார். இதைப் படித்தால் தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள். அம்மா உங்களை நேரில் பார்க்க விரும்புகிறார்.